போனைப் பிடிக்க மட்டுமா மகள்?

கோபம் தீராமலே எழுதுகிறேன், என் அன்புள்ள அப்பாவுக்கு,

பெல்லோஷிப் கிடைத்துவிட்டது. பின்லாந்தில் பத்து மாதம். தாமிரபரணிச் சிப்பிகளைப் பற்றி நான் செய்துவரும் ஆராய்ச்சியை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருந்து முடிக்கப் போகிறேன். கல்லூரியில் விடுப்புக் கொடுத்துவிட்டார்கள், விசாவும் வந்துவிட்டது, ஆவணிக் கடைசியில் கிளம்ப வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் தச்சநல்லூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பீர்கள்.

நம் வீட்டில் இதைக் கேட்டு ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. உங்கள் வருஷத் திதி ஐப்பசியில் வருகிறது. அது முடியாமல் நான் போகக் கூடாதாம். சித்தப்பா வந்து நடுவீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "அண்ணனுக்கு இன்னும் வருஷம் திரும்பலை. அதுக்குள்ள மக கடல் தாண்டிப் போனா ஊரு என்ன சொல்லும்? படிப்பு எங்க ஓடியா போவுது? அடுத்த வருஷம் போயேன்ட்டி."

அடுத்த வருஷம் இது கிடைக்காது. இந்த ஆவணியில் போய்ச் சேராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதையும் சொன்னேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துபாயிலிருந்து அண்ணனும் அதே பாட்டைப் பாடினான். "கொஞ்சம் பொறுத்துப் போயேன்ட்டி. அப்பா காரியம்லா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறியாமல் விட்டது பெரிது. உங்களுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே விமானம் ஏறியவனும் அவன்தான். துபாய்க்கு நடந்தா போனான்? அவன் தாண்டியது கடல் இல்லையா? 'பையனுக்கு லீவு இல்லை' என்று இதே சித்தப்பாதான் கார் பிடித்துத் திருவனந்தபுரம் வரை போய் வழியனுப்பினார்.

ஆடி மாதத் திதியன்று நடந்ததைக் கேளுங்கள். விடியுமுன் எழுந்து சமையலை முடித்தது நானும் அம்மாவும். படித்துறைக்கு அண்ணன் வீடியோ காலில் வந்தான். துபாயில் அவன் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டு, கொஞ்சம் எள், ஒரு செம்புத் தண்ணீர். இங்கே முழங்காலளவு தண்ணீரில் நின்று போனைப் பிடித்திருந்தது நான். "இங்க ஆறு கெடையாதே சாமி" என்றான். புரோகிதர் சிரித்துவிட்டார். "எங்க விட்டா என்ன தம்பி? பெத்த பிள்ளை கையால விட்டா தண்ணி போய்ச் சேரும். தட்டுலயே விடுங்க."

நானும் நீங்கள் பெற்ற பிள்ளைதானே? "நானும் ஒரு கை விடட்டுமா சாமி?" என்று கேட்டேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்து, "ஏட்டி, அதெல்லாம் பொம்பளப் பிள்ளை செய்யக் கூடாது. நீ போனை ஆட்டாமப் பிடி" என்றார்.

ஆட்டாமல்தான் பிடித்தேன் அப்பா. கொள்ளி வைக்க நான் ஆகாது, தண்ணீர் விட நான் ஆகாது, வருஷம் முழுக்கக் கட்டிப் போட மட்டும் நான் மகள். எதற்கென்று எனக்குத் தெரியாதா? ஐப்பசித் திதிக்கு வருகிற சனத்துக்கெல்லாம் சமைத்துப் போட ஆள் வேண்டும்.

உங்கள் மேலும் கோபம்தான். போன வருஷம் நான் விண்ணப்பம் போட்டபோதே சித்தப்பா குதித்தார். அவர் முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாப்போம்." பிறகு பைய அடுப்படிக்கு வந்து, "நீ எழுதிப் போடுட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். எங்கே பார்த்துக்கொண்டீர்கள்? 'எம் மக போவா' என்று நாலு பேர் முன்னால் ஒரு தடவை சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? அடுப்படியில் சொன்னதை இப்போது நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்? செத்துப்போனவரிடம் இப்படிச் சண்டை போடுவது அநியாயம் என்று தெரிகிறது. போடாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று பெட்டி கட்டினேன். சித்தப்பா வந்து போனதிலிருந்து அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழம்புப்பொடிக்குப் பக்கத்தில் நான் ஒரு பொட்டலத்தை வைத்ததும், "அது என்னது?" என்று கேட்டாள்.

"எள்ளு. ஐப்பசித் திதிக்கு. நான் தங்குத எடத்துக்குப் பக்கத்துல ஏரி இருக்கு. அண்ணனுக்குத் தட்டு போதும்னா எனக்கு ஏரி போதாதாம்மா?"

அம்மா பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். தூக்கி எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "பேப்பர்ல கட்டினா சிந்திரும்ட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உங்கள் பல்பொடி டப்பாவைக் கழுவித் துடைத்து, எள்ளை அதில் அடைத்துக் கொண்டுவந்து பெட்டியில் அவளே வைத்தாள். "அங்கன தண்ணி குளிரா கெடக்கும். பைய எறங்கு" என்றாள்.

சித்தப்பாவிடம் இனி எனக்காக யார் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன? நான் கிளம்புகிறேன் அப்பா. ஐப்பசித் திதியன்று அந்த ஏரியில் இறங்கி என் கையால் உங்களுக்குத் தண்ணீர் விடுவேன். இது சத்தியம். துபாயில் அண்ணன் சாப்பாட்டு மேசைக்கு வழி கண்டுபிடித்து வந்தவருக்குப் பின்லாந்துக்கு வழி தெரியாதா? வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கும் 'பாப்போம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் பெற்ற பிள்ளை,
கோமதி