இறக்கை தெரியாத வீடியோ

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் மானம் கப்பலேறியது. அடுக்குமாடி விளம்பரத்துக்கு நான் எடுத்த வீடியோவை முதலாளி எல்லோர் முன்னாலும் நிறுத்தி நிறுத்திப் போட்டார். மேல்மூலையில் ட்ரோனின் இறக்கை சுற்றுகிறது. "கட்டடத்தைக் காட்டச் சொன்னா காத்தாடியைக் காட்டுறியே! வீடு வாங்க வர்றவன் இதையா பார்ப்பான்?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். வேலை போய் வீட்டில் சும்மா கிடந்த மனுஷன். அக்கா அழுதாளே என்று நான்தான் இங்கே எனக்கு உதவியாளாகச் சேர்த்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வருகிறதாம்.

மார்ச் 5, வியாழன்
வேகமாக முன்னால் போனால் ட்ரோன் மூக்கைக் குனிகிறது, முன் இறக்கைகள் படத்துக்குள் வந்துவிடுகின்றன. மெதுவாகப் போனால் முதலாளிக்குச் சவ ஊர்வலம் மாதிரி இருக்கிறதாம். கேமராவைக் கீழே சாய்த்தால், "வானம் எங்கே?" ஓரத்தை வெட்டினால் மேல்மாடியும் சேர்ந்து போய்விடுகிறது. நான் என்னதான் செய்ய?

மார்ச் 6, வெள்ளி
வழி கிடைத்துவிட்டது! பின்னோக்கிப் பறந்தால் மூக்கு தூக்கிக்கொள்கிறது, இறக்கை படத்தில் வருவதே இல்லை. கட்டடத்தை ஒட்டித் தொடங்கிப் பின்வாங்கி எடுக்க வேண்டும். அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினால் முன்னால் பாய்வது போலவே இருக்கும். "மூளைக்காரி!" என்றார் முதலாளி. ஒரே சிக்கல், பின்னால் என்ன இருக்கிறது என்று இந்தப் பழைய ட்ரோனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அத்தான் இருக்கிறாரே.

மார்ச் 10, செவ்வாய்
எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் நானும் அத்தானும் ஒத்திகை பார்த்தோம். அவர் ஆளா, அபாயச் சங்கா? காக்கை பறந்தால் "நிறுத்தும்மா!" கொடியில் துணி ஆடினால் "நிறுத்தும்மா!" ஒவ்வொரு கத்தலுக்கும் என் கை உதறி, எடுத்ததெல்லாம் பாழ். ஆத்திரம் தாங்கவில்லை. "எத்தனை தடவ சொன்னாலும் மண்டையில ஏறாதா? நாளன்னைக்கு நான் கேக்காம வாயைத் திறந்தீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன். மறுபடி அக்கா காலைச் சுத்திக்கிட்டுக் கிடங்க."
முகம் செத்துப்போனது. "சரிம்மா," என்றார்.
அன்றைக்குச் சிரித்தாரே, படட்டும். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 12, வியாழன்
கத்தவே இல்லை. ஐயோ, அந்த மனுஷன் கத்தவே இல்லை.
அதே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நின்றிருக்கிறார், ஒதுங்க இடமில்லை. ட்ரோன் பின்வாங்கிக்கொண்டே அவர்மேல் வந்து — ரெண்டு கையையும் ஆட்டினாராம். நான் திரையைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்? திரும்பிப் பார்க்கணும்னு ஏன் தோணல?
இடது கண்.

மார்ச் 13, வெள்ளி
கண் போய்விட்டது. டாக்டர் அக்காவிடம் சொல்லும்போது நான் வெளியிலேயே நின்றேன்.

மார்ச் 16, திங்கள்
முதலாளி அன்றைக்கு எடுத்ததைத் திருப்பி ஓட்டிப் பார்த்தார். "பாரு, ஒரு றெக்கைகூட இல்ல! இதான் படம்." தொடக்கத்தில் மட்டும் ஒரு குலுக்கல். திருப்பி ஓட்டினால் முடிவுதானே தொடக்கம்? அது என்னவென்று அவருக்கும் தெரியும். "முதல்ல ஒரு ஆட்டம் வருது பாரு, அதை வெட்டிடு," என்றார்.
வெட்டினேன். ஒரு நொடிகூட இல்லை. வெட்டுவதற்கு முன் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என்ன பிறவி நான்?

ஏப்ரல் 11, சனி
விளம்பரம் ஓடுகிறது. இனி ட்ரோன் வேலை முழுவதும் என் பொறுப்பாம்.
மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றே போனேன். அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். தம்ளரை எடுக்கப் போனவர் தூரம் பிடிபடாமல் கை தள்ளிப் பட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டார். அக்கா எகிறினாள்.
"பின்னாடி பார்த்துச் சொல்றதுதான் இவருக்கு வேலையே! ஒரு குரல் கொடுக்கத் துப்பில்ல. இவரால உனக்கும் கெட்ட பேரு. நீ மனசுல வச்சுக்காதடி."
அத்தான் கொட்டிய தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "ஆமா, நான்தான் கவனிக்கல," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.
அக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.