ஒன்பதாவது குண்டு

அண்ணா,

நேற்று தீபாவளி. காக்ஸ் டவுனில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஓர் அணுகுண்டுப் பட்டாசைப் பற்ற வைத்துவிட்டு ஓடி வந்தார். திரி சீறியது, அப்புறம் அடங்கிவிட்டது. வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நமுத்துப்போச்சு சார்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அதனருகே போய்க் குனிந்தார். "தொடாதீங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினோம், அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியே மருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது. அந்த வாசனையில் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். நான் எழுதாமல் விட்ட ஒரு வரியும் வந்தது.

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இப்போதாவது வரிசை தப்பாமல் எழுதிப் பார்க்கிறேன்.

ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரிக்குள் நம் ரைஃபிள் கிளப்பின் சுடுதளம் இருந்தது. ராணுவப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீங்கள்தான் அதற்குப் பொறுப்பாளர். மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவீர்கள். நான் ஒரு செய்திக்காக அங்கே வந்து, அப்படியே உறுப்பினராகத் தங்கிவிட்டவன். நான் சுட்டால் குறி அட்டையில் எங்கே படும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த வருஷம் நல்ல தோட்டா கிடைக்கவில்லை. கிளப்பில் இருந்தது பழைய சரக்கு. அதே துப்பாக்கி, அதே கை, அதே குறி. ஆனால் ஒரு குண்டு நடுவில் விழும், அடுத்தது இரண்டு விரல் கீழே இறங்கிவிடும். உங்கள் மகள் செல்வி மாநில அணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எந்தப் பெட்டித் தோட்டாவை நம்பலாம் என்று தெரிய, குண்டின் வேகத்தை அளந்தாக வேண்டும். அதற்கான குரோனோகிராஃப் எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கமிட்டி என் தலையில் கட்டியது.

"இன்னா ரிப்போர்ட்டரே, நீங்க எழுதிட்டா குண்டு நேராப் போயிடுமா?" என்று கேட்டீர்கள்.

"எழுதலன்னா போகாதுண்ணா" என்றேன்.

இரண்டு மெஷின்கள் பரிசோதனைக்கு வந்தன. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான். முன்னும் பின்னுமாக இரண்டு கண்கள். குண்டு முதல் கண்ணைக் கடக்கும்போது உள்ளே கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். அந்த இடைவெளியிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டுவிடும். ஒன்று உறுப்பினர் ஒருவரின் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. மடக்கிப் பையில் வைக்கலாம். எண்கள் பளிச்சென்று தெரியும். முந்தைய அளவுகளை நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஆனால் எது தப்பிப்போனாலும் ஒரே சொல்தான் காட்டும்: 'எரர்'. இன்னொன்றைப் பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் செய்திருந்தார். மீன் கூடை மாதிரி இருந்தது. அதில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்ன விளக்குகள். எந்தக் கண் குண்டைப் பார்த்ததோ அந்த விளக்கு எரியும்.

நீங்கள் பட்டறைக்காரர் பக்கம் நின்றீர்கள். "பாக்கலன்னா எந்தக் கண்ணு பாக்கலன்னு சொல்லுதில்ல, அது போதும்" என்றீர்கள்.

"இதைத் தூக்கினு பஸ்ல வந்தா மீன் விக்கப் போறீங்களான்னு கேப்பாங்கண்ணா."

"கேக்கட்டும். வித்துட்டு வரேன்."

செல்வி சிரித்தாள். நான் மனதுக்குள் அமெரிக்க மெஷினைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அதைத் துப்பாக்கி முனைக்குப் பத்தடி முன்னால், குண்டு போகும் பாதையிலேயே நிறுத்த வேண்டும். நம் தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் போகிறவன், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய். என்றாலும் அந்தப் பத்தடி நடக்கும்போது என் முதுகு கூசும். பையில் இருப்பதைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். இன்னொரு வழக்கமும் இருந்தது. தோட்டா போடு என்று நீங்கள் மட்டும்தான் சொல்லலாம்.

அன்று வெயிலும் மேகமும் மாறி மாறி வந்தன. செல்வி சுட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளருகே, மெஷினிலிருந்து வயர் இழுத்து வைத்த எண்பெட்டியோடும் நோட்டுப் புத்தகத்தோடும் நான். இரண்டடி பின்னால், தொலைநோக்கியில் கண் வைத்து அட்டையைப் பார்த்தபடி நீங்கள். எல்லோர் காதிலும் காதுமூடி. மூன்றாவது குண்டுக்கு 'எரர்' என்றது. அட்டையில் ஓட்டை இருந்தது. மேகம் நகர்ந்ததால் கண் ஏமாந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன். ஆறாவதுக்கும் அப்படியே. அதன் பிறகு அந்தச் சொல் எங்களுக்குப் பழகிவிட்டது.

ஒன்பதாவது குண்டு. 'எரர்.'

சத்தம் கொஞ்சம் சின்னதாக இருந்தது. காதுமூடிக்குள் எல்லாமே சின்னதாகத்தானே கேட்கும் என்று நினைத்தேன். செல்விக்கும் ஏதோ சந்தேகம் தட்டியிருக்கிறது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான், "மெஷின்தான். அடுத்தது போடும்மா" என்றேன்.

அவள் பத்தாவது தோட்டாவைப் போட்டாள். போல்டை மூடினாள். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தாள்.

உங்கள் கை எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. அது அவள் தோளுக்கு மேலாக வந்து போல்டின் மேல் விழுந்தது. "வெரல எடு" என்றீர்கள். கத்தவில்லை. போல்டை உருவினீர்கள், தோட்டாவை எடுத்தீர்கள், போல்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டீர்கள். அது பாதியில் நின்றது. ஒன்பதாவது குண்டு வெளியே போகவே இல்லை. மருந்து சரியாக எரியாமல், குழலின் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. மெஷின் பொய் சொல்லவில்லை. எதுவும் தன்னைக் கடக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறது.

"அட்டையில ஒம்பதாவது ஓட்ட இல்ல" என்றீர்கள். பத்தாவது குண்டு ஒன்பதாவதன் முதுகில் மோதியிருந்தால் குழல் வீங்கியிருக்கும். கெட்ட நேரமாக இருந்தால் பித்தளைத் துணுக்கும் நெருப்பும் பின்பக்கமாகச் சீறியிருக்கும். அவள் வலது கண் அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. செல்வி எழுந்து போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள்.

கமிட்டிக்குக் குறிப்பு எழுதியது நான். அப்போதே இருபது வருஷமாகச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன். மேகம், காற்று, தோட்டாப் பெட்டியின் எண், கம்பி நின்ற இடம் எல்லாவற்றையும் எழுதினேன். "பிறகு பத்தாவது தோட்டா போடப்பட்டது" என்றும் எழுதினேன். யார் சொல்லி என்று எழுதவில்லை. அந்த வாக்கியத்தில் மட்டும் ஆளே இல்லை. பயம்தான் காரணம். அந்தப் பெண்ணின் முகம் என்னவாகியிருக்கும் என்ற பயத்தை என் பெயரோடு சேர்த்துக் காகிதத்தில் பார்க்க என்னால் முடியவில்லை.

கமிட்டி கூடியபோது செயலாளர் கேட்டார். "போடச் சொன்னது யாரு? ரூல் பிரகாரம் அது நீங்கதானே சொல்லணும்?"

நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் சார் இன்சார்ஜ்" என்றீர்கள். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தளத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுவருஷம் திருப்பிக் கொடுக்க வந்தபோது நீங்கள் வாங்கவில்லை.

நான் பட்டறைக்காரரின் மெஷினை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதையே வாங்கினார்கள். செய்ததற்கு ஈடாக அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு எத்தனையோ முறை உங்கள் வீட்டுக்கு வந்தேன், டீ குடித்தேன், ஊர்க்கதையெல்லாம் பேசினேன். ஒவ்வொரு முறையும் வாசல் வரை அந்த வரி கூடவே வரும். நீங்கள் கதவைத் திறந்து, "வாங்க ரிப்போர்ட்டரே, இன்னிக்கு எவன மாட்டி விட்டீங்க?" என்று கேட்டதும் உள்ளே போய்விடும்.

உங்கள் காரியம் முடிந்த அன்று செல்வியைத் தனியே கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது ஸ்கூல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "செல்வி, அன்னிக்கு ரேஞ்சுல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அங்கிள்" என்றாள். "காதுமூடி போட்டிருந்தா இன்னா, நீங்க சொன்னது வாயிலயே தெரிஞ்சுதே. அன்னிக்கே பஸ்ல வரச்சொல்லவே அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. அவுரு எழுதறவரு, அவுரே எழுதுவாரு, கொஞ்சம் பொறு, ஸ்வல்ப டைம் குடுன்னாரு."

அதற்குமேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

இதன் நகலை செல்விக்கும் கிளப் செயலாளருக்கும் அனுப்புகிறேன். எங்கள் தொழிலில் இதைத் திருத்தம் என்போம். பிழை வந்த மறுநாளே போட வேண்டும். எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. பத்தாவது தோட்டாவைப் போடச் சொன்னது நான். சுடுதளப் பொறுப்பாளர் சொல்லவில்லை.

இதை எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அவள் விரல் டிரிகரைத் தொட்டதற்கும் உங்கள் கை வந்து விழுந்ததற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது. அதை எந்த மெஷினும் அளக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது.