வீங்காத பொட்டு

மார்ச் 3
தம்பி மகள் வாண்டு விடியற்காலையில் மறுபடியும் இருமினாள். மூச்சு விட்டால் நெஞ்சில் விசில். "ஆஸ்துமா மாதிரி தெரியுது" என்று டாக்டர் ஆரம்பித்ததுமே தம்பி எழுந்துவிட்டான். "வெறும் சளி டாக்டர். ஓட்டப்பந்தயத்துல இவதான் முதல்."

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் பாய்ந்தான். "அக்கா, நீ டீச்சரா இருந்தவ, சொல்லு. அந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னா மைதானத்து ஓரமா உக்கார வெச்சுடுவாங்களா இல்லையா?"

உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேனே.

மார்ச் 4
தம்பி லிஃப்ட் மெக்கானிக். இன்று அவன் மனைவி கேட்டாள்: "லிஃப்ட்ல லேசா சத்தம் வந்தாலே கழட்டிப் பாக்கறீங்க. பொண்ணு நெஞ்சுல விசில் அடிச்சா மட்டும் சளியா?" டாக்டர் சொன்ன அலர்ஜி தோல் சோதனைக்குப் பயல் சம்மதித்துவிட்டான்.

மார்ச் 12
வாண்டுவின் முன்கையில் வரிசையாகச் சொட்டுகள்: தூசிப்பூச்சி, பூனை முடி, மகரந்தம், பூஞ்சை. ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் ஒரு தொடல். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு அத்தை" என்றாள் பெரிய மனுஷி.

உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளாதோ அந்தப் பொட்டு வீங்குமாம். ஓரத்தில் ஒரு பொட்டு மட்டும் எல்லோருக்குமே வீங்குமாம். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி ஒன்றை முதலில் கேட்பேன். அதற்கும் ஒரு கைகூட உயரவில்லை என்றால் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். அதுபோல.

காத்திருந்தோம். எதுவும் வீங்கவில்லை.

"பாத்தியாக்கா, ஒண்ணுமே இல்ல!" தம்பி குதித்தான்.

நர்ஸ் குனிந்து பார்த்தார். "சார், இந்த ஓரத்துப் பொட்டு வீங்கியே ஆகணும். ஒரு வாரமா அலர்ஜி மருந்து எதுவும் குடுக்கலையே?"

"இல்லவே இல்ல."

"நேத்து இனிப்பு மருந்து குடுத்தீங்களேப்பா?" — வாண்டு.

தம்பி முகம் சுருங்கியது. "அது... சளி மருந்துதானே. மூக்கு ஒழுகுச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு."

அதிலும் அலர்ஜி மருந்து கலந்திருக்கிறதாம். அது உடம்பில் இருந்தால் தோல் பதில் சொல்லாதாம். திரும்ப வர வேண்டும். அதுவரை விசில் வந்தால் இழுக்க ஓர் இன்ஹேலர் கொடுத்தார் டாக்டர். அவனைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

மார்ச் 13
மருந்துப் புட்டியை வேலைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் இருந்தால் தன்னையே நம்ப முடியாதாம்!

மார்ச் 23
ஓரத்துப் பொட்டு வீங்கியது. தூசிப்பூச்சிப் பொட்டு அதைவிடப் பெரிதாக. "அத்தை, ஒரே ஒரு தடவை சொறிஞ்சுக்கவா?" — அவளுக்கு அதுதான் கவலை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இந்தச் சோதனையை மட்டும் வெச்சு ஆஸ்துமான்னு சொல்ல முடியாது. ஆனா அந்த விசில், விடியற்காலை இருமல், இன்ஹேலர் குடுத்ததும் அடங்கறது, கூடவே இது — எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஆஸ்துமாதான்."

தம்பி ஒன்றே ஒன்று கேட்டான். "ஓடலாமா?"

"மருந்தை ஒழுங்கா எடுத்துக்கிட்டா தாராளமா."

வெளியே வந்து குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினான். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

மார்ச் 25
படுக்கையறையை லிஃப்ட் மாதிரிக் கழற்றிப் போட்டிருக்கிறான். தூசிப்பூச்சி அங்கேதான் குடியிருக்குமாம்: மெத்தைக்கு உறை, போர்வைக்கு வெந்நீர். எங்களை உள்ளே விடவில்லை.

ஏப்ரல் 19
பள்ளியில் ஓட்டப்பந்தயம். விளையாட்டு ஆசிரியரிடம் தம்பி நேராகப் போய் நின்றான். "சார், என் பொண்ணுக்கு ஆஸ்துமா. மருந்து போட்டாச்சு, நல்லா ஓடுவா. மூச்சு வாங்கினா இந்த இன்ஹேலர்." குரலைத் தணிக்கக்கூட இல்லை.

வாண்டு மூன்றாவதாக வந்தாள். தம்பி அதைப் பார்க்கவில்லை. யாரோ ஒரு பையனின் அப்பா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, "நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?" என்று கேட்டிருந்தார். அவர் தோளில் கை போட்டு, நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.