சுவர்ப் பக்கம் திருப்பிய வண்டி

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் என் வண்டிக்கு அடியில் டார்ச். மனிதரைச் சொல்கிறேன், விளக்கை அல்ல. எங்கள் பணிமனையின் தலைமை மெக்கானிக். கையில் டார்ச் விளக்கு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். மற்ற பஸ்களுக்கு ஆள் அனுப்புவார். என் பஸ்ஸுக்கு மட்டும் தானே அடியில் படுத்து, பிரேக்கைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, எழுந்து என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். நான் இங்கே டிரைவராகச் சேர்ந்த நாளிலிருந்து இதே கதை.

காரணம் எனக்குத் தெரியாதா? அப்பன் இடித்தான், மகளும் இடிப்பாள் என்ற பயம். இன்று கேட்டே விட்டேன். "என்ன சார், என் வண்டிக்கு மட்டும் தனிக் கவனிப்பு?" துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் அண்ணன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். "காலங்காத்தால ஏம்மா வம்பு? வண்டிய எடு." எடுத்தேன். ஆஸ்பத்திரி இறக்கத்தில், பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்த ஒரு பாட்டிகூடக் கம்பியைப் பிடிக்கவில்லை, அப்படி இறக்கினேன். என் கையைப் பற்றி நானே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

அந்த இறக்கத்தின் அடியில்தான் அப்பா போனார். அப்போது நான் பள்ளிக்கூட மாணவி. அவர் ஓட்டிய பஸ் ஒரு கிடங்கின் சுவரில் மோதியது. பயணிகளுக்கு அடிபட்டது, ஆனால் எல்லோரும் பிழைத்தார்கள். ஓட்டியவர் மட்டும் இல்லை. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று விசாரணை சொன்னது. வண்டியில் ஒரு கீறல் விழாமல் காலமெல்லாம் ஓட்டிய மனிதருக்குக் கடைசியில் கிடைத்த பட்டம் அது.

மார்ச் 11, புதன்

மறுபடியும் டார்ச். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

மார்ச் 22, ஞாயிறு

ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவர்களின் பெயர்களைப் போதகர் வாசித்தார். நடுவில் டார்ச்சின் பெயர்! கொஞ்ச காலமாகக் கடைசி வரிசையில் வந்து உட்கார்கிறார், கடைசி ஜெபம் முடியும் முன்பே எழுந்து போய்விடுகிறார். யாரோடும் பேச்சில்லை.

எங்கள் சபையில் தண்ணீரில் இறங்கும் முன் எல்லோருக்கும் முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். எப்படி இருந்தேன், எப்படி ஆண்டவரிடம் வந்தேன் என்று. ஏறி வரும்போது ஒருவர் துண்டோடு நின்று வாங்கிக்கொள்வார். பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். டார்ச்சுக்கு அப்படி யாரும் இல்லை, அதனால் சபைப் பொருளாளர் பிடிப்பதாக ஏற்பாடு. பொருளாளரும் விபத்தன்று அப்பாவின் பஸ்ஸில் இருந்தவர். இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மா அசைய மாட்டாள். அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து முதல் வரிசைதான். "பின்னால போய் உக்காந்தா, அவர் மேல தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்பாள். என் திமிர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் எங்கள் சபைக்கு ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம்.

மார்ச் 30, திங்கள்

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

டார்ச் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கதவருகிலேயே நின்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, அன்னிக்கு அந்த வண்டியோட பிரேக்க நான் பார்க்கல. மிதிச்சா பிடிக்காம உள்ள போகுதுன்னு முந்தின நாளே உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. சரி பண்ணிட்டேன்னு பொய் சொல்லி வண்டிய அனுப்பினேன். விசாரணையிலயும் பிரேக் நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்னேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா அங்கேயே நின்றாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா. அவர் தடுமாறிப் போய் இடிக்கல. நேரா போயிருந்தா கீழ ஸ்கூல் வாசல், பிள்ளைங்கள விடுற நேரம். மோதினப்புறம் சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் முதல்ல பார்த்தவன் நான்தான். கடைசி வரைக்கும் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடிச்சிருந்தாரு. அடி தன் பக்கம் விழுற மாதிரி. அதைச் சொன்னா பிரேக் இல்லைங்கிறது வெளிய வந்துடும்னு அதையும் மறைச்சிட்டேன்."

அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று முழுசா ஞாபகம் இல்ல. இத்தனை வருஷம் எங்கய்யா போயிருந்தே நீன்னு கேட்டேன். ஊரறியச் சொன்ன பொய்ய வீட்டுக்குள்ள வந்து முணுமுணுத்தா சரியாப் போச்சா, ஊரறியவே அதை வாபஸ் வாங்குன்னு சொன்னேன். "வேலை போயிடும்மா. கேஸும் வரும்" என்றான். போகட்டும், வரட்டும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அப்போ இத்தனை நாள் என் வண்டிக்கு அடியில படுத்தது இதுக்குத்தானா? நான் இடிப்பேன் என்ற பயம் இல்லை. என்னையும் கொன்றுவிடுவோமோ என்ற பயம்.

அவன் போன பிறகு அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நான் சொன்னேன்ல?"

ஆமாம்மா. நீ சொன்னே.

மார்ச் 31, செவ்வாய்

டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராகப் போதகரிடம் போனேன். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் இதுல முங்கி எழுந்தா எல்லாம் சரியாயிடுமா? எங்கப்பாவுக்கு நியாயம் எங்க?"

"அவர் என்கிட்ட சொன்னது எதையும் நான் உன்கிட்ட பேச முடியாதும்மா."

"அதான் அவரே வந்து சொல்லிட்டாரே!"

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நியாயத்த தூக்கிப் போட்டுட்டு இரட்சிப்பு வராது. நடந்ததை நடக்கலன்னு கடவுள் விட்டிருந்தா சிலுவை எதுக்கு? அந்தப் பாவத்தோட கனத்த ஆண்டவரே சுமந்தாரு. கனமே இல்லாததை யாராவது சுமப்பாங்களா?"

"அது அவருக்கு. எங்கப்பாவுக்கு?"

"ஒரு நீதிமன்றம் வெள்ளிக்கிழமை இயேசுவைக் குற்றவாளின்னு தீர்த்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில கடவுள் அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணிட்டாரு. ஈஸ்டர்ல நான் முதல்ல பார்க்கிறது அதைத்தான். உங்கப்பா மேல இருக்கிற தீர்ப்பும் ஒரு நாள் போகும். அதுக்கு ஒருத்தர் வாயத் திறக்கணும்."

"திறக்கலன்னா? அப்பவும் தண்ணில இறக்குவீங்களா?"

தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "தெரியலம்மா. எனக்காகவும் ஜெபம் பண்ணு." இன்னொரு பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுத்தார். இருந்த கோபத்தையெல்லாம் காட்டித் தேய்த்தேன். நான் தேய்த்த பாதிதான் பளபளப்பு.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

இயேசுவைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு, தன் மேல் பழி இல்லை என்று பிலாத்து கை கழுவிய இடத்தை வாசித்ததும் எனக்கு டார்ச் ஞாபகம்தான். ஆராதனையில் ஆளைக் காணவில்லை.

இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு அன்றைக்கே பரதீசில், மோட்சத்தில், இடம் கிடைத்தது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஆயுள் முழுக்கத் திருடிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் கெட்டிக்காரத்தனமாகத் தப்பிவிட்டான் என்று நினைப்பேன். இன்று கூர்ந்து கேட்டேன். நான் செய்ததற்கு இந்தத் தண்டனை தகும் என்று அவன் முதலில் ஒத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் இயேசுவிடம் தன்னை நினைக்கச் சொல்லிக் கேட்கிறான். இத்தனை வருடம் அந்த முதல் பாதி என் காதில் விழவே இல்லை.

அப்பாவை ஆண்டவரோடு ஒப்பிட மாட்டேன். அப்பா இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். ஆனால் தன் பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து ஒரு பஸ் ஜனத்தையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் காப்பாற்றியவரின் மகள் நான். இதை எழுதும்போதே முதுகு தானாக நிமிர்கிறது.

ஏப்ரல் 4, சனி

டார்ச் லீவு. என் வண்டியை வேறொருவர் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார். ஓடிட்டான். எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஓடவில்லை.

விடியற்காலை ஆராதனை. அவருடைய முறை வந்ததும் முன்னால் வந்து தொட்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சொன்னது அத்தனையும் சொன்னார், ஒரு சொல் குறையாமல். பிரேக், பொய், பள்ளிக்கூட வாசல், சுவர்ப் பக்கம் திருப்பிய ஸ்டியரிங். கடைசியில், "நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்டயும் இதையே சொல்லுவேன். என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்குவேன். ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு காட்டி அதுல தள்ளுபடி கேக்க மாட்டேன்."

பொருளாளர் துண்டை நாற்காலி மேல் வீசிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தார். "அம்மா, இத்தனை நாளா நாங்க..."

"உக்காருங்க. ஆராதனை நடக்குது" என்றாள் அம்மா.

டார்ச் தண்ணீரில் இறங்கினார், முங்கினார், எழுந்தார். வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. போதகர் நனைந்த அங்கியோடு அவர் தோளில் கை வைத்து நின்றார், யாரையும் கூப்பிடவில்லை. சபையே அம்மாவைப் பார்த்தது. எல்லோருக்கும் ஆசைதான், அம்மா எழுந்து போய் அழகாக முடித்து வைக்க வேண்டும் என்று. அம்மா நேராக உட்கார்ந்தபடியே என் காதில் சொன்னாள்: "என்னால முடியாதுடி. இன்னிக்கு முடியாது."

பார்த்தால் நான் எழுந்து நிற்கிறேன். என்ன செய்கிறாய் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். நியாயம் கேட்டேன், அதை அந்த மனிதர் தன் வாயாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இனியும் அவரைத் தண்ணீரில் நிற்க வைத்து நான் எதைச் சம்பாதிக்கப் போகிறேன்? கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். கோபத்தோடுதான் நடந்தேன். நாற்காலியிலிருந்து துண்டை எடுத்தேன்.

"மேல வாங்க சார். குளிருது."

பல் கிட்டித்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தார். துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார். நான் அழவில்லை. சரி, கொஞ்சம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்தவள் கடைசிப் பாட்டு முடியும் வரை விடவே இல்லை. "அப்படியே உங்கப்பா" என்றாள். இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தர முடியாது.

ஏப்ரல் 6, திங்கள்

சொன்னபடியே மேனேஜர் அறைக்குப் போனார். மதியத்துக்குள் சஸ்பெண்ட். பணிமனை இரண்டு கட்சியாகிவிட்டது. மூத்த டிரைவர்கள் வரிசையாக வந்து என்னிடம் கை கொடுத்தார்கள். "உங்கப்பா மேல எங்களுக்கு அப்பவே சந்தேகம் இல்லம்மா" என்றார் ஒருவர். அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே என்று வாய்வரை வந்தது. ஈஸ்டர் முடிந்து ஒரு நாள்தான் ஆகிறது என்று விழுங்கிவிட்டேன்.

ஜூன் 18, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. காலை ஷிஃப்ட்டில் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி மேனேஜர் வாசித்தார். விபத்துக்குக் காரணம் பிரேக் கோளாறு. ஓட்டுநர் மீது தவறில்லை. பிற உயிர்களைக் காக்கும் பொருட்டு அவர் வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். முந்தைய முடிவு ரத்து செய்யப்படுகிறது.

அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை படிங்க" என்றாள். மேனேஜர் மறுபடியும் படித்தார்.

"கொஞ்சம் சத்தமா."

மூன்றாவது தடவை தெருவுக்கே கேட்டது. கைதட்டல் ஓயவில்லை. கண்டக்டர் அண்ணன் விசில் அடித்தார், பஸ் விசிலைத்தான்.

இன்றே டார்ச்சின் வழக்குக்கும் நாள். உள்ளே வர அனுமதி இல்லாததால் கேட்டுக்கு வெளியே நின்று, வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் வண்டியை வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன், துவைத்துத் தேய்த்த சட்டையில் ஒதுங்கி நின்றார். குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறார், வக்கீல் வேண்டாம் என்றுவிட்டாராம். ஜெயில் நிச்சயம் என்கிறார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"யாரு கூட வர்றா?"

அதற்கும் தலையாட்டல்தான்.

"ஏறுங்க."

ஏறினார். கண்டக்டர் அண்ணன் டிக்கெட் கேட்டு வந்தார். அம்மா, டார்ச் இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே, வீட்டுப் பக்கம் இறங்க வேண்டியவள். பையிலிருந்து காசை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு டிக்கெட். கோர்ட் வரைக்கும்."