இரண்டாவது வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றபடி நலம்.

முதல் வருடம் கணக்கிலும் புள்ளியியலிலும் 'ஏ' வாங்கியவர்களைத்தான் பொருளியல் பிரிவில் சேர்ப்பார்கள் என்று சொல்லியிருந்தேனே, இன்று முடிவு வந்துவிட்டது. நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த அறைத்தோழி கட்டில்மேல் ஏறிக் குதித்தாள்.

"உனக்கு என்னடி வந்துச்சு?" என்றாள்.

"மொதல்ல கீழ எறங்கு, கட்டில் ஒடையப்போகுது" என்றேன்.

நேற்று நீங்கள் போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது: "ஊருக்கெல்லாம் போர்டு எழுதுறவன் எம் பொண்ணுக்கு எழுதமாட்டேனா? மேல உன் பேரு, கீழ 'பொருளியல் மாணவி'. வாசல்ல மாட்டியாச்சு!"

இந்தக் கடிதம் வருவதற்குள் பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்கும். இரண்டாவது வரியைச் சுரண்டும்போது என் பெயரில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பா.

உங்கள் மகள்