கண்ணாடி மங்கிய கதை

போர்ட் பிளேர்,
10.12.2003

கஸ்தூரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கடலுக்குள் இறங்குகிறவர்கள் மாட்டும் முகக்கண்ணாடிகளைக் கழுவுவதுதான் இங்கே என் வேலை. ஆவி படியாமலிருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னார்கள், கூட வேலை செய்யும் பையன்கள். அடுத்தவர் முகத்தில் மாட்டுவதில் துப்ப மாட்டேன் என்று பற்பசை தேய்த்தேன். மங்கவே இல்லை.

கார்த்திகை தீபத்தன்று, "நீங்களே போட்டுப் பாருங்க பெரியவரே" என்று என்னைக் கடலில் இறக்கினார்கள். இன்று நம் ஊர் மலையில் தீபம் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. மூக்கால் விட்ட மூச்சில் கண்ணாடி மங்கிவிட்டது.

"எச்சில்தான்னு அப்பவே சொன்னோமே" என்று சிரித்தார்கள். பற்பசைதான் தப்பு என்று ஒத்துக்கொண்டேன். நான் எதையாவது ஒத்துக்கொண்டு நீ பார்த்திருக்கிறாயா?

வீட்டைவிட்டுப் போகச் சொன்ன உன் மகன் குமரேசன் கூப்பிடாமல் வரமாட்டேன். நான் அழுததை அவனிடம் சொல்லாதே.

உன் பழைய நூல்சேலையில் ஒரு துண்டு அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. கண்ணாடி துடைக்கத்தான்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

ராஜமாணிக்கம்