அப்பா வெட்டிய ரோடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தி சின்னவளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். இங்கே எங்களுக்குக் கால் மட்டும் எந்நேரமும் ஈரம், மற்றபடி நன்றாக இருக்கிறோம். நேற்று அப்பா போனில், ரோடு போயிடுச்சு, இந்தத் தடவை வர வேணாம், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு வைத்தாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். கேன்சல் பண்ணிவிடாதே. போனிலேயே சொல்லலாம் என்றால் அந்த மனுஷர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்தபடி நிற்பார், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச விடமாட்டார். நீ வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

ஆறு கரையை மீறியதைச் செய்தியில் பார்த்திருப்பாய். ஆனால் நம் வயல்கள் மூழ்கியது ஆற்றினால் பாதி, நம் புத்தியினால் பாதி. முன்பெல்லாம் வெள்ளம் வந்தால் வயலை நிறைத்து, தாழ்ந்து கிடந்த பழைய ரோட்டின் மேலேயே ஏறி, அந்தப் பக்கத்து ஓடையில் இறங்கிப் போய்விடும். நாலு நாள் நாம் வெளியே போக முடியாது, அவ்வளவுதான், பயிர் தப்பித்துவிடும். இப்போதுதான் ரோட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் போட்டாகிவிட்டதே. உன் அப்பா எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்கி வாங்கின ரோடு அது! போடும்போது இன்ஜினீயர், நடுவில் ஓரிடத்தில் மட்டும் தாழ்வாக விடலாம், வெள்ளம் வந்தா தண்ணி அதுமேல போய்க்கும் என்றுதான் சொன்னார். தாழ்வு கீழ்வு பேச்சே வேணாம், ரோட்டுல ஒரு சொட்டுத் தண்ணி ஏறக் கூடாது என்று ஊரே கத்தியது, அதில் உன் அப்பா குரல்தான் உசத்தி. சரி என்று இன்ஜினீயரும் ரோட்டுக்கு அடியில் இரண்டு குழாயைப் புதைத்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளம் வந்த அன்றே ஆகாயத்தாமரையும் குப்பையும் அந்தக் குழாய்களை அடைத்துக்கொண்டன. ரோடு பளபளவென்று காய்ந்து கிடந்தது, வயலெல்லாம் ஏரி. கேட்டது கிடைத்தது, யாரை நோவது.

ரோட்டை வெட்டித் தண்ணீரை ஓடையில் விடலாம் என்று எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள். அப்பா நாற்காலியைக் கொண்டுபோய் ரோட்டு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரெண்டு நாள்ல தானா வடியும், ரோட்டுல யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார். எங்கே வடிந்தது? கோழிப்பண்ணைக்காரம்மா, அதுதான் நம் வயலுக்கு அடுத்த வயல்காரி, புருஷன் போன பிறகு தனியாளாக விதைத்தவள், அவர் எதிரில் வந்து நின்று, உங்க ரோட்டுக்கு நீங்க காவல் இருக்கீங்க, எங்க வீட்டுச் சோத்துப் பானைக்கு யாருங்க காவல் என்று கேட்டுவிட்டாள். இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. டிராக்டர்காரர், இந்த மனுஷனுக்குப் பிடிச்ச முயலுக்கு மூணே கால் என்று என் காதுபடவே சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, கோபமும் வந்தது. ஆனால் அவர் யாருக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும்தானே தெரியும். கல்யாணமான புதிதில் நீயும் மருமகளும் வந்தபோது ரோட்டின் மேல் வெள்ளம் ஓடியதால் அந்தப் பக்கமே நின்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனீர்களே. உன்னைக் குறை சொல்லவில்லை, அன்றைக்குத் தண்ணீரின் இழுப்பு அப்படி. அப்பா இந்தப் பக்கம் நின்று கார் மறையும் வரை பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ரோட்டுக்காக அலையக் கிளம்பியவர்தான். அப்புறம் உனக்கு வேலை மாற்றம், குழந்தை என்று வருவதே தள்ளிப் போய்விட்டது. இப்போது பேத்தியோடு நீ வரப்போகிற நேரத்தில் ரோட்டை வெட்டு என்றால் அவருக்கு எப்படி இருக்கும் சொல்லு.

சாயங்காலம் நானே போய், பையன் வர்ற வழியைக் காப்பாத்துறீங்க சரி, வந்தா இந்த ஊர்ல ஒருத்தர் முகத்துல முழிப்பானா அவன் என்று கேட்டேன். என்னை முறைத்தார். பிறகு எழுந்து வயலில் இறங்கி, ஒரு பயிரைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்தார். வேர் கறுத்து, அழுகல் வாடை ஆரம்பித்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டில் ஏறி வந்து, டிராக்டர்காரரைப் பார்த்து, அந்தக் கடப்பாரையைக் குடுப்பா என்றார். முதல் குத்து அவர் குத்தியதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு வண்டி அகலத்துக்கு வெட்டினால் போதும் என்று நினைத்தோம். தண்ணீர் நம்மைக் கேட்டுக்கொண்டா போகும்? விடிவதற்குள் ஒரு வீட்டு அகலத்துக்கு அறுத்துவிட்டது, தார் எல்லாம் பிஸ்கட் மாதிரி ஒடிந்து கிடக்கிறது. கோழிப்பண்ணைக்காரம்மாவின் பயிர் தலை தூக்கிவிட்டது. நம்முடையது பள்ளத்து வயல் இல்லையா, பாதிக்கு மேல் போய்விட்டது. விசாரிக்க வந்த அதிகாரி, யார் ரோட்டை வெட்டினது என்றதற்கு, ஆறுதாங்க வெட்டிச்சு என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்தது. உன் அப்பா ஒருத்தர்தான் முன்னால் போய், நான் வெட்டினேன் என்றார். கூட வந்திருந்த அதே இன்ஜினீயர், அன்னிக்கே தாழ்வு விடலாம்னு சொன்னதுக்கு என்னை அடிக்க வந்தீங்களேய்யா என்று சிரித்தார். இப்ப தாழ்வு விடுங்க, நான் மண் சுமக்கிறேன் என்று அப்பா சொன்னார். கோடையில் பார்க்கலாம் என்று போயிருக்கிறார்கள்.

அதனால் நீ வரும்போது ரோடு இருக்காது, அது உண்மைதான். டாக்ஸி வெட்டு வரைக்கும்தான் வரும். ஆறு இறங்கினாலும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், உன் அப்பா தினமும் காலை விட்டுத்தான் ஆழம் பார்க்கிறார், இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறதாம். நீ மறுபடியும் அந்தப் பக்கம் நின்று திரும்பிப் போவதைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான் அவரே முந்திக்கொண்டு வராதே என்றார். நேற்றுப் போனை வைத்ததும் என்னிடம், சின்னவ எத்தனை கிலோ இருப்பா என்று கேட்டார். பதினாலு இருக்கும் என்றேன். இன்று காலையில் ஒரு சாக்கில் பதினாலு கிலோ நெல்லை நிறுத்துக் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு வெட்டில் இறங்கினார். அந்தக் கரை ஏறி, திரும்பி வந்தார். வந்ததும் சாக்கைத் தடவித் தடவிப் பார்க்கிறார், எங்கேயாவது நனைந்திருக்கிறதா என்று. எதுக்கு இந்த வேலை என்றால், சும்மாதான், உடம்புக்கு நல்லது என்கிறார்.

வா கண்ணு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். போன் பண்ணும்போது ரோடு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்காதே, என்றைக்கு வெட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாய் என்பதை மட்டும் சொல். சின்னவளுக்கு மாற்றுத்துணி எடுத்து வையுங்கள். நீயும் மருமகளும் நடந்துதான் வர வேண்டும், உங்களைச் சுமக்க இங்கே ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா